நான் பெயர் வைத்த கல்

எங்கள் கல்லூரியில் யாராவது சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு வந்தால் அதை முதலில் சொல்பவர் அவர்தான். கல்லூரி முதல்வரானாலும் சரி, ஆய்வுக்கு வந்த அதிகாரியானாலும் சரி, வராந்தாவில் துடைப்பத்தோடு நின்றபடியே சொல்லிவிடுவார். தெலுங்குக்காரரிடம் தெலுங்கில், தமிழ்க்காரரிடம் தமிழில். குரலைத் தாழ்த்திச் சொல்லத் தெரியாது. "சார், பித்தான் ஒன்னு மேல ஏறிப்போச்சு பாரு" என்று அவர் சொன்னால் மாடியில் இருப்பவர்களும் ஒருமுறை குனிந்து தங்கள் சட்டையைப் பார்த்துக்கொள்வார்கள்.

சித்தூரில் ஒரு தனியார் கல்லூரி அது. நான் இயற்பியல் ஆசிரியர். அவர் பெருக்குவார், துடைப்பார், மணி அடிப்பார், டீ வாங்கி வருவார். எல்லாரும் அவரை ஆயம்மா என்றுதான் கூப்பிட்டோம். அங்கே எந்தப் பள்ளி, கல்லூரிக்குப் போனாலும் அந்த வேலை செய்கிற பெண்ணுக்கு அதுதான் பெயர். நான் வேலைக்குச் சேர்ந்தபோது அவருக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். நரை விழாத தலை. ஆனாலும் ஆயம்மாதான்.

ஆசிரியர்கள் பலருக்கு அவரைப் பிடிக்காது. அவர் உள்ளே வந்தால் அறையில் பேச்சு நின்றுவிடும். எந்த மேசையில் எந்தத் தாள் இடம் மாறியிருக்கிறது, யார் யாரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை, யாருக்குப் புதுக் கண்ணாடி ஒத்துக்கொள்ளவில்லை என்பதெல்லாம் ஒரு பார்வையில் அவருக்குத் தெரிந்துவிடும். தெரிந்ததை வைத்துக்கொள்ளவும் மாட்டார். எனக்கும் ஆரம்பத்தில் எரிச்சலாகத்தான் இருந்தது. பிறகு அவர் தமிழில் பேசுகிறவர் என்பதால் ஒரு பழக்கம் வந்தது. கல்லூரியில் என் வீட்டுப் பேச்சைப் பேச எனக்கு வேறு ஆள் கிடையாது.

ஒருநாள் எந்த ஊர் என்று கேட்டேன். சிரித்தார்.

"உங்க ஊருதான் சார். உன் நைனாவக்கூட எனக்குத் தெரியும். உங்க கொல்லையில நான் கரும்பு வெட்டியிருக்கேன்."

எனக்கு நம்ப முடியவில்லை. நகரிக்குப் பக்கத்தில் இருநூறு வீடுள்ள ஊர் எங்களுடையது. எல்லா முகமும் எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"எங்க வூடு எங்க இருக்குதுன்னு சொல்லு?" என்று கேட்டேன்.

"உங்க வூடு தெரியாதா? நீங்கல்லாம் ஊருக்குள்ள. நாங்க காலனி. பஸ்சு உங்க ஊர்ல நிக்கும், பேரு சொல்லிக் கூவுவாங்க. எங்ககிட்ட நின்னா, 'காலனி எறங்கு'ம்பாங்க. எந்த ஊருக்குப் போனாலும் காலனி காலனிதான். எங்க ஊருக்குன்னு ஒரு பேரு கெடையாது சார்."

அதைக் குறையாகச் சொல்லவில்லை. பித்தான் மாறியிருப்பதைச் சொல்கிற அதே குரலில்தான் சொன்னார். நான் ஏதோ சொல்லிப் பேச்சை மாற்றினேன்.

அவருடைய கண் எப்படிப் பழகியது என்பதையும் அவரே சொல்லியிருக்கிறார். கல்லூரிக்கு வருவதற்கு முன்பு பத்து, பன்னிரண்டு மாம்பழ சீசன்கள் சித்தூரைச் சுற்றியுள்ள கூழ் பேக்டரிகளில் வேலை செய்திருந்தார். பெல்ட்டில் வரும் பழங்களில் அழுகலைப் பொறுக்கி எடுக்கிற வேலை.

"ஓடுற பழத்தோட நம்ம கண்ணும் ஓடிச்சின்னா ஒரு மணி நேரத்துல தல சுத்திடும் சார். கண்ண ஒரு எடத்துல நிறுத்திக்கணும். எல்லாம் ஒரே மாதிரி போய்க்கினு இருக்கும். எது வேற மாதிரியோ அது தானா வந்து கண்ணுல குத்தும்."

இரண்டாம் ஆண்டில் படித்த ஒரு பெண் மூன்று நாள் ஒரே துப்பட்டாவில் வந்தாள். வகுப்பில் நாற்பது பேருக்கும் எனக்கும் அது தெரியவில்லை. "அந்தப் பொண்ணு வூட்டுக்குப் போகல சார். பல்லு விளக்குனாப்பல இல்ல. காலு வீங்கியிருக்குது, எங்கியோ ஒக்காந்துக்கினே தூங்குது" என்றார் ஆயம்மா. விசாரித்தால், வீட்டில் கல்யாணம் பேசி முடித்துவிட்டார்கள் என்று கிளம்பி வந்து பேருந்து நிலையத்தில் இருந்திருக்கிறாள். யாரையும் கேட்காமல் அவளைத் தன் வீட்டுக்குக் கூட்டிப் போனார். பரீட்சை முடியும் வரை தங்க வைத்துக்கொண்டார். வீட்டார் வந்து கல்லூரி வாசலில் சத்தம் போட்டபோது, "பரீச்ச எழுதட்டும், அப்பறம் பேசலாம்" என்று தெலுங்கில் ஒரே வரி சொல்லிவிட்டு மணி அடிக்கப் போய்விட்டார்.

இதையெல்லாம் நினைத்துப் பார்க்கிறபோது நான் அவருக்குச் செய்தது இன்னும் மோசமாகத் தெரிகிறது. அதைச் சொல்லிவிடுகிறேன்.

சிறுகோள்களைத் தேடுவதற்கு மாணவர்களைச் சேர்த்துக்கொள்கிற ஒரு திட்டம் உண்டு. எங்கோ ஒரு பெரிய தொலைநோக்கி வானத்தின் ஒரே பகுதியைச் சில நிமிட இடைவெளியில் நான்கு படம் எடுக்கும். படங்களை நமக்கு அனுப்புவார்கள். கணினியில் அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாகப் புரட்டிப் பார்க்க வேண்டும். நட்சத்திரங்கள் இருந்த இடத்திலேயே இருக்கும். சிறுகோள் இருந்தால் அந்தப் புள்ளி மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக நகரும். ஏற்கெனவே தெரிந்த சிறுகோள்கள்தான் பெரும்பாலும் அகப்படும். புதிதாக ஒன்று அகப்பட்டு, பல வருஷம் பலரும் அதைப் பார்த்து, அது போகிற பாதை உறுதியானால் அதற்கு நிரந்தர எண் கொடுப்பார்கள். அதன் பிறகு, கண்டுபிடித்தவர் ஒரு பெயரைச் சொல்லலாம்.

நானும் இரண்டு மாணவிகளும் இந்தத் திட்டத்தில் சேர்ந்தோம். மதியம் ஆய்வகத்தில் உட்கார்ந்து படங்களைப் புரட்டிக்கொண்டிருப்போம். ஆயம்மா டீ கொண்டு வருவார். வந்தால் போக மாட்டார். பெயர் வைக்கிற கதை என்றால் அவருக்கு அவ்வளவு பிடிக்கும். முதலில் கிடைத்தவற்றுக்கு ரோம், கிரேக்கத் தேவதைகளின் பெயர் வைத்தார்கள், முதன்முதலில் கிடைத்தது தானியத்துக்குரிய தேவதை என்று ஒருநாள் சொன்னேன். தேவதைகள் தீர்ந்துபோன பிறகு ஆறுகள், நகரங்கள், பாடுகிறவர்கள், படிப்பாளிகள், மனைவி, மகள். ஒருவர் தன் பூனையின் பெயரைக்கூட வைத்துவிட்டார்.

"பூனைக்கா!"

"ஆமா. அதுக்கப்பறம்தான் நாய் பூனை பேரெல்லாம் வேணாம்னு சொல்லிட்டாங்க. பதினாறு எழுத்துக்குள்ள இருக்கணும். யாவாரத்துக்கு வெக்கக் கூடாது. அரசியல்காரங்க பேருன்னா செத்து நூறு வருசம் ஆவணும்."

"அதுவும் சரிதான். அதுக்குள்ள அவன் யோக்கியத தெரிஞ்சிடும்" என்றார். மாணவிகள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "யாரு மொதல்ல பாத்தாங்களோ அவங்கதான் பேரு வெக்கணும், இல்ல சார்?" என்று கேட்டுக்கொண்டார்.

"ஆமா" என்றேன்.

அன்று வந்திருந்த படத் தொகுப்பை நான் இரண்டு முறை பார்த்து முடித்திருந்தேன். ஒன்றும் இல்லை என்று மாணவிகளிடம் சொல்லிவிட்டேன். கணினியை அணைப்பதற்கு முன்பு படங்கள் தாமாகப் புரண்டுகொண்டிருந்தன. ஆயம்மா டம்ளர்களை எடுக்க வந்தவர் என் பின்னால் நின்றார்.

"சார், இந்த ஓரத்துல ஒன்னு நவுர்து."

"எங்க?"

விரலைத் திரையில் படாமல் நீட்டினார். வலது கீழ் மூலை. எனக்கு ஒன்றும் தெரியவில்லை. "அது சும்மா தூசி மாதிரி, படத்துல வர்ற கறை" என்றேன்.

"கறைன்னா அங்கங்க வரும். இது ஒரே கோட்டுல போய்க்கினு இருக்குது. ஒரே அளவா அடி வெக்கிது பாரு. இன்னொரு வாட்டி ஓட்டு."

ஓட்டினேன். பெரிதாக்கினேன். மங்கலாக, இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படுகிற ஒரு புள்ளி. நான்கு படத்திலும் இருந்தது. ஒரே நேர்கோடு, சம இடைவெளி, ஒரே பிரகாசம். தெரிந்த சிறுகோள்களின் பட்டியலில் அந்த இடத்தில் எதுவும் இல்லை. மாணவிகள் எழுந்து நின்று கை தட்டினார்கள். ஆயம்மா டம்ளர்களை எடுத்துக்கொண்டு, "நான் சொன்னேன்ல" என்றபடி போய்விட்டார்.

அறிக்கை அனுப்புகிற படிவத்தில் பார்த்தவர்கள் பெயரை எழுத வேண்டும். என் பெயரையும் மாணவிகள் இருவர் பெயரையும் எழுதினேன். அவர்களில் ஒருத்தி, "சார், ஆயம்மா பேரையும் போடலாமா?" என்று கேட்டாள்.

"அவங்க டீம்ல பதிவு பண்ணலையேம்மா" என்றேன்.

அது உண்மைதான். ஆனால் கூடுதல் பெயர் சேர்க்க இடம் இருந்தது. காரணம் அதுவல்ல. அவர் பெயர் என்னவென்று எனக்குத் தெரியாது. ஆறு வருஷம் என் மேசையில் டீ வைத்தவர். பெயரைக் கேட்க வேண்டுமானால் எழுந்து போய் அவரிடம் கேட்க வேண்டும், அது எனக்குக் கூச்சமாக இருந்தது. அதற்கும் கீழே இன்னொரு காரணம் இருந்தது. இரண்டு முறை பார்த்து 'ஒன்றும் இல்லை' என்று இயற்பியல் ஆசிரியர் சொன்னதைப் பெருக்குகிற அம்மாள் நின்ற இடத்திலிருந்து பார்த்துவிட்டார் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. பொத்தானை அழுத்தி அனுப்பிவிட்டேன்.

அதன் பிறகு ஒவ்வொரு மாதமும் அவர் கேட்பார். "சார், நம்ம கல்லு இன்னா ஆச்சி? நம்பர் குட்த்தாங்களா?" நம்ம கல்லு என்றுதான் சொல்வார். "டைம் ஆவும்" என்பேன்.

அடுத்த வருஷம் ஒரு காலை என் முகத்தைப் பார்த்தவர் டீயை என் கையில் கொடுக்காமல் திரும்ப எடுத்துக்கொண்டார்.

"சார், நீ இன்னிக்கே ஆஸ்பத்திரிக்குப் போ. கண்ணு மஞ்சளா மாறிக்கினு வருது."

எனக்கு ஒன்றும் தெரியவில்லை. என் மனைவிக்கும் தெரியவில்லை. இருந்தாலும் போனேன். மஞ்சள் காமாலை. இன்னும் ஒரு வாரம் தள்ளியிருந்தால் கல்லீரல் கெட்டிருக்கும் என்றார் மருத்துவர். ஒரு மாதம் படுத்திருந்தேன். திரும்பி வந்தபோது அலுவலகப் பதிவேட்டில் அவர் பெயரைத் தேடிப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். நல்ல பெயர். ஆனாலும் ஆயம்மா என்றுதான் தொடர்ந்து கூப்பிட்டேன்.

வருஷங்கள் போயின. மாணவிகளில் ஒருத்தி பெங்களூரில் வேலைக்குப் போனாள், இன்னொருத்திக்கு மதனப்பள்ளியில் கல்யாணம் ஆனது. ஒருநாள் மின்னஞ்சல் வந்தது. எங்கள் சிறுகோளுக்கு நிரந்தர எண் கிடைத்துவிட்டது. பெயரைச் சொல்லி, ஏன் அந்தப் பெயர் என்று இரண்டு வரி எழுதி அனுப்ப வேண்டும். மாணவிகளிடம் கேட்டேன். "மீ இஷ்டம் சார்", உங்கள் விருப்பம் என்றார்கள் இருவரும்.

அன்று மாலை படிவத்தைத் திறந்து ஆயம்மாவின் பெயரைத் தட்டச்சு செய்தேன். ஆங்கிலத்தில் ஒன்பது எழுத்துதான் வந்தது. கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு, 'ஏன் இந்தப் பெயர்' என்கிற இரண்டு வரிக்கு வந்தேன். அதில் என்ன எழுத? உண்மையை எழுதினால், அன்று அனுப்பிய அறிக்கையில் ஏன் இல்லை என்று கேள்வி வரும். அழித்துவிட்டேன்.

மறுநாள் கல்லூரித் தாளாளர் கூப்பிட்டு, நிறுவனரான தன் அப்பாவின் பெயரை வைக்கச் சொன்னார். முடியாது என்றேன். அவருக்குக் கோபம். நான் விடவில்லை. வேலை போனாலும் பரவாயில்லை என்று என் மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன். ஒரு வாரம் இழுத்தடித்து, கடைசியில் எங்கள் ஊரின் பெயரை அனுப்பினேன். பணத்துக்கும் அதிகாரத்துக்கும் பணியவில்லை என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். அது ஆயம்மாவுக்கும் ஊர்தானே, இரண்டு பேருக்கும் பொது என்று ஒரு சமாதானமும் இருந்தது.

பெயர் ஏற்கப்பட்டு அறிவிப்பு வந்தது. கோபம் தணிந்த தாளாளரே விழா வைத்தார். மேடையில் பெரிய பேனர். இணையத்தில் எடுத்த ஏதோ ஒரு பாறையின் படம், பக்கத்தில் என் முகம். பத்திரிகைக்காரர்கள் வந்திருந்தார்கள். ஆயம்மா மேடையின் ஓரத்தில் தண்ணீர் பாட்டில்களோடு நின்றிருந்தார்.

தெலுங்கில் பேசினேன். நான்கு படங்களைப் பற்றிச் சொல்லி, மூலையில் நகர்ந்த புள்ளியைப் பற்றிச் சொல்ல வேண்டிய இடம் வந்தது. தெலுங்கில் 'நாங்கள் பார்த்தோம்' என்பதற்கு 'சூசாம்' என்றால் போதும். 'நான் பார்த்தேன்' என்பது 'சூசானு'. நாங்கள் என்று சொல்லத்தான் நினைத்திருந்தேன். வாயில் வந்தது "நேனு சூசானு". கைதட்டல் எழுந்தது. அது நாக்குப் பிசகி வந்தது என்று பல நாள் எனக்கே சொல்லிப் பார்த்தேன். பிசகியதென்றால் அடுத்த வாக்கியத்தில் திருத்தியிருக்கலாம். நான் திருத்தவில்லை. "எல்லாரும் ஒன்றும் இல்லை என்றபோது" என்று மேலும் ஒரு வாக்கியம் சேர்த்தேன்.

ஓரக்கண்ணால் பார்த்தேன். ஆயம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எவர் முன்னாலும் எதையும் சொல்லிவிடுகிறவர் இப்போது சொல்லிவிடப் போகிறார் என்று பயந்தேன். நான் பேசி முடித்து வந்து உட்கார்ந்ததும் அவர் பாட்டிலைத் திறந்து என்னிடம் நீட்டினார்.

"நம்ம ஊரு பேருதான் வெச்சிருக்கேன் ஆயம்மா" என்றேன், மெதுவாக.

"உங்க ஊரு சார்" என்றார். "தண்ணி குடிங்க."

குடிங்க. அதுவரை அவர் என்னை 'நீ' என்றுதான் பேசுவார். 'நீ ஆஸ்பத்திரிக்குப் போ சார்', 'நீ இன்னும் துன்னலியா சார்'. எங்கள் பக்கத்துப் பேச்சு அது. அதில் ஒரு ஒட்டுதல் இருந்தது. அன்றிலிருந்து 'நீங்க' ஆகிவிட்டது. நம்ம கல்லு என்ன ஆனது என்று அதற்குப் பிறகு கேட்கவே இல்லை. என் சட்டைப் பொத்தான் மாறியிருந்தாலும் சொல்லவில்லை. ஒருநாள் வேண்டுமென்றே மாற்றிப் போட்டுக்கொண்டு அவர் முன்னால் நடந்தேன். ஒதுங்கி வழி விட்டார்.

அந்தக் கல்வியாண்டு முடிந்ததும் வேலையை விட்டுவிட்டுத் திருப்பதியில் நர்சாக இருக்கும் மகளிடம் போய்விட்டார். என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

பெயரை மாற்ற முடியுமா என்று எழுதிக் கேட்டேன். ஒருமுறை அறிவித்தால் அறிவித்ததுதான் என்று மரியாதையாகப் பதில் வந்தது. அதையும் கையில் வைத்துக்கொண்டு போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை திருப்பதிக்குப் பஸ் ஏறினேன். ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு மாடி வீடு. மகள் வேலைக்குப் போயிருந்தாள். அவர் மகளின் வெள்ளைச் சீருடைகளை மடித்துக்கொண்டிருந்தார்.

"அக்கா" என்றேன்.

"இன்னா சார், புதுசா அக்கான்றீங்க? ஆயம்மான்னே கூப்டுங்க. பழகிப்போச்சு. ஒக்காருங்க."

உட்கார்ந்தேன். வழியெல்லாம் யோசித்து வைத்திருந்ததை ஒரே மூச்சில் சொன்னேன். "அந்தக் கல்ல மொதல்ல பார்த்தது நீங்கதான். நான் மேடையில பொய் சொன்னேன். மொத அறிக்கையிலயே உங்க பேர உட்டுட்டேன்."

"தெரியும் சார். அன்னிக்கி நான் அங்கதான நின்னுக்கினு இருந்தேன்."

"ஏன் அப்பவே சொல்லல?"

அவர் ஒரு சீருடையின் காலரை நீவிவிட்டார். "உங்க மூஞ்சியப் பாத்தேன். உங்களுக்கும் தெரிஞ்சிதான் இருந்திச்சி. தெரியாதவங்களுக்குத்தான நான் சொல்லுவேன்."

பத்திரிகையில் எல்லாவற்றையும் எழுதப்போவதாகச் சொன்னேன். அவர் பெயரைப் போட்டு, படத்தோடு.

"கல்லுக்கு வெச்ச பேர மாத்துவாங்களா?"

"மாட்டாங்க. கேட்டுட்டேன்."

"அப்ப எழுதி இன்னா ஆவப்போவுது?"

"உண்மை நாலு பேருக்குத் தெரியணும்ல அக்கா."

துணியைக் கீழே வைத்துவிட்டு என்னை நேராகப் பார்த்தார். கோபம் இல்லை. படத்தின் மூலையைப் பார்த்தாரே, அதே நிதானம்.

"இப்ப எம் பேரப் போட்டு எழுதுனீங்கன்னா, 'பாரு, தப்ப ஒத்துக்கினாரு, எவ்ளோ நல்ல மனுசன்'னு மறுபடியும் உங்களுக்குத்தான் பேரு வரும். எனக்கு இன்னா வரும்? நாலு பேரு வந்து போட்டோ புடிச்சினு போவாங்க. எழுதணும்னு இருந்தா எழுதிக்கோங்க. எம் பேரு அதுல வேணாம். அது எங்கிட்டயே இருக்கட்டும் சார்."

எழுந்து உள்ளே போய்க் காப்பி கொண்டு வந்தார். நானும் குடித்தேன். என் பையன் எந்த வகுப்பு என்று கேட்டார். சொன்னேன். டம்ளரை வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

மாடிப்படி வரை வந்தார்.

"சார், மூனாவது படி ஒடஞ்சிருக்குது. பாத்து எறங்குங்க."

சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். நான் தெருமுனை திரும்புகிற வரை அவர் மேலே நின்று பார்த்துக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன். நிமிர்ந்து பார்க்க எனக்குத் துணிச்சல் இல்லை.